வந்த தேதி, போன தேதி

2022 ஜனவரியில் ஒரு ராத்திரி, பிராம்ப்டனில் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். கனடாவில் நிரந்தரவாசியாக இருப்பவர் குடியுரிமை கேட்க வேண்டும் என்றால், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1095 நாட்கள் அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். வெளியே போன ஒவ்வொரு பயணத்துக்கும் கிளம்பிய தேதி, திரும்பிய தேதி, போன இடம், போன காரணம் எல்லாம் எழுத வேண்டும். நான் இரண்டு தடவை போயிருந்தேன். இரண்டும் வாலாஜாபேட்டைக்கு. தேதிதான் நினைவில்லை. பாஸ்போர்ட் முத்திரையோ மை கலங்கி, 8ஆ 3ஆ என்று தெரியாமல் இருந்தது.

அப்பாவுக்கு போன் போட்டேன். அங்கே காலை பத்து மணி. "இரும்மா, நோட்டு எடுத்தாறேன்" என்றார். என்ன நோட்டு என்று நான் கேட்பதற்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். "ரெண்டாவது வாட்டி. வந்தது 2020 பிப்ரவரி 19, காலைல 5 மணி 40 நிமிசம். மெட்ராஸ் ஏர்போர்ட்லேந்து டாக்சி. போனது செப்டம்பர் 7, ராத்திரி 9 மணி."

அப்பா வேலூர் பாபு ராவ் தெருவில் ஒரு லாட்ஜில் 26 வருஷம் மேனேஜராக இருந்தவர். அந்தத் தெருவைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கும் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு முழுக்க லாட்ஜுகள். போர்டுகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து. கல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு கையில் ஃபைலும் ஒரு கையில் எக்ஸ்ரே கவருமாக ஆட்டோவில் வந்து நிற்பார்கள். அப்பா வங்காளத்தில் "கேமொன் ஆச்சென்", எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும் அவர்கள் முகம் கொஞ்சம் தளரும்.

அப்போது பங்களாதேஷிலிருந்து வருகிறவர்களுக்கு சி ஃபார்ம் நிரப்ப வேண்டியிருந்தது. வெளிநாட்டார் ஒருவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போயாக வேண்டும் என்பது விதி. பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அந்த ஃபார்ம்களை நானும் நிரப்பியிருக்கிறேன். பெயர், பாஸ்போர்ட் எண், வழங்கிய இடம், விசா எண், எங்கிருந்து வந்தார், எங்கே போகப்போகிறார். பத்து பன்னிரண்டு வயதில் எனக்கு அது வெறும் கட்டங்கள். எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் தன் பாஸ்போர்ட்டை நாங்கள் திருப்பித் தரும்வரை அதன் மேலேயே கண் வைத்திருப்பார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் அப்பா வீட்டில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவர் தேதியை எழுதிவைத்திருக்கிறார் என்பது அந்த ராத்திரி வரை எனக்குத் தெரியாது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. பி.ஆர். என்கிற நிரந்தரவாசம் வாங்குவது பற்றி, சிட்டிசன்ஷிப் வாங்குவது பற்றி ஊரிலிருந்து தெரிந்தவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்கிறார்கள். எத்தனை புள்ளி, எத்தனை லட்சம், எத்தனை மாதம் என்றுதான் கேட்கிறார்கள். அதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் எங்கள் விஷயத்தில் விண்ணப்பம் போட்டது மூன்று பேர், அலைந்தது ஏழெட்டுப் பேர். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி சொன்ன மாதிரிதான்.

முதலில் பெயர்.

நம் பக்கம் ஆளுக்கு ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. அவ்வளவுதான். வெளிநாட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், கொடுத்த பெயர் என்று ஒரு கட்டம். ஒரே பெயர் உள்ளவர்கள் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு மற்றதை வெறுமையாக விடுவது கனடாவில் நடைமுறை. அப்புறம் பேங்க், பள்ளிக்கூடம், டாக்டர் என்று எல்லா இடத்திலும் அந்த வெற்றுக் கட்டம் கூடவே வரும். நாங்கள் விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதிக்கொண்டோம். என் குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர். என் வீட்டுக்காரருக்கு அவர் அப்பாவின் பெயர். மகளுக்கு அவள் அப்பாவின் பெயர். ஒரு வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். அங்கே பள்ளியில் சேர்க்கும்போது, குழந்தைக்கு நீங்கள் என்ன உறவு என்று என்னைக் கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினேன்.

அந்தப் பிறப்புச் சான்றிதழ் விஷயம் இன்னொன்று. மகளுக்குச் சிக்கல் இல்லை, அவள் வேலூரில் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். நான் 1985இல் ஆயா வீட்டில் பிறந்தவள். பிறப்பைப் பதிந்திருந்தார்கள், பெயர் பதியவில்லை. "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லாத அந்தத் தாளை வைத்துக்கொண்டு, அது நான்தான் என்று நிரூபிக்க அப்பா எத்தனை முறை அலைந்தார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஆறு முறை என்று அம்மா சொல்கிறாள். கடைசியில் பெயர் சேர்த்து வந்த தாளில் மாவட்டம் வட ஆற்காடு. 1989இல் திருவண்ணாமலை தனியாகப் போனபோது எங்கள் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. என் பள்ளிச் சான்றிதழ் ஒன்றில் அதுதான் இருக்கிறது. பிறகு வேலூர் மாவட்டம். பாஸ்போர்ட் விலாசத்தில் அது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பிரிந்தது. அதற்குப் பிறகு எடுத்த எல்லாத் தாளிலும் அது. வீடு அதே வீடு, திண்ணை அதே திண்ணை. விண்ணப்பத்தோடு வைக்கிற விளக்கக் கடிதத்தில் இந்த நான்கு பெயரும் ஒரே இடம்தான் என்று ஒரு பத்தி எழுதினேன். இதைப் படிக்கிற வட ஆற்காட்டுக்காரர்கள் அந்தப் பத்தியை மறக்காமல் எழுதிவிடுங்கள். சந்தேகம் வந்து அவர்கள் கடிதம் போட்டு, நாம் பதில் போட்டுக் காத்திருப்பதைவிட, முன்கூட்டியே சொல்லிவிடுவது மேல்.

என் வீட்டுக்காரருக்குத் தேதி சிக்கல். அவர் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் வேலை. கிராமத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது ஐந்து வயது நிரம்பவில்லை என்று வாத்தியார் ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொண்டார். நம் ஊரில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம் பிறந்தநாள் வருவது இப்படித்தான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அந்தத் தேதியே இருந்ததால் சட்டப்படி குழப்பம் இல்லை. ஆனால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது புள்ளி போட்டு, அதிகப் புள்ளி உள்ளவர்களை பி.ஆர்.க்கு விண்ணப்பிக்கக் கூப்பிடும் கனடா முறையில், வயதுக்குப் புள்ளி உண்டு. 20 முதல் 29 வரை முழுப் புள்ளி, முப்பதிலிருந்து வருஷத்துக்கு 5 புள்ளியாகக் குறையும், நாற்பதைத் தாண்டினால் இன்னும் வேகமாக. தாளில் எட்டு மாதம் மூத்தவராக இருந்ததால் காத்திருந்த நேரத்தில் அவருக்கு 5 புள்ளி போனது. வாத்தியாரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் அன்று சேர்த்துக்கொண்டதால்தான் இவர் ஒரு வருஷம் மாடு மேய்க்காமல் படிக்கப் போனார்.

புள்ளிக் கணக்கு கேட்கிறவர்களுக்கு: மொத்தம் 1200. அதில் 600 மாகாண அரசு ஒன்று தேர்ந்தெடுத்தால் மட்டும் முழுசாகக் கிடைப்பது. மீதியில்தான் வயது, படிப்பு, ஆங்கிலம், வேலை அனுபவம், கணவன் அல்லது மனைவியின் படிப்பும் ஆங்கிலமும். 2017 மே கடைசியில் 413 புள்ளி வரை கூப்பிட்டார்கள். அவ்வளவு கீழே அதற்கு முன் இறங்கியதில்லை. எங்களிடம் இருந்தது 390. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையின் நான்கு பகுதிகளில் மூன்றில் அவருக்கு வேண்டிய 7 இருந்தது. கேட்டல் பகுதியில் மட்டும் 8 வேண்டிய இடத்தில் ஏழரை.

அந்த அரை மதிப்பெண்ணை மதிக்காமல் விட்டுவிடாதீர்கள். நான்கு பகுதியிலும் அந்த மட்டத்தைத் தொட்டால்தான் படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேர்த்துத் தரும் கூடுதல் புள்ளி முழுசாக வரும். ஆகஸ்டில் மறுபடி எழுதினார். எட்டு வந்தது. அரை மதிப்பெண் ஏறியதில் 57 புள்ளி ஏறியது. இரண்டு மாதம் சிப்காட் ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்டுக்கேட்டுப் பழகினார். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

செப்டம்பரில் அழைப்பு வந்தது. அப்போது தாள்களை ஏற்ற 90 நாள் அவகாசம். 2018 ஜூன் கடைசியிலிருந்து அது 60 நாள். அதனால் அழைப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். படிப்பை மதிப்பீடு செய்யப் பல்கலைக்கழகமே மார்க் ஷீட்டுகளைக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் சீல் வைத்து நேரடியாக அனுப்ப வேண்டியிருந்தது. இதற்கே எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. வேலைச் சான்றில் பதவி, சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை செய்தார் எல்லாம் வேண்டும். அவர் முதலில் வேலை பார்த்த கம்பெனி, "இன்னாருக்கு இங்கே வேலை இருந்தது, நடத்தை நன்று" என்று இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டோம் என்றுவிட்டது. பழைய மேலாளர் ஒருவர் தன் கைப்பட எழுதி, நோட்டரி கையெழுத்தோடு கொடுத்தார். சம்பளச் சீட்டுகளையும் ஃபார்ம் 16ஐயும் அதோடு சேர்த்து வைத்தோம். ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் கல்யாணம் ரத்தினகிரி முருகன் கோயிலில் 2011இல் நடந்தது. கோயில் ரசீதும் ஆல்பமும்தான் இருந்தன. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து சான்றிதழ் வாங்க, சாட்சிக்குப் பெரியப்பாவும் அத்தையும் இரண்டு முறை வந்துபோனார்கள். கல்யாணம் ஆனதும் பதிந்துவிடுங்கள். 2009 சட்டப்படி அது கட்டாயமும்கூட.

ஏஜெண்ட் பற்றி ஒரு வார்த்தை, கோபத்தோடுதான் சொல்கிறேன். எங்களிடம் ஒருவர் நாற்பதாயிரம் முன்பணம் வாங்கினார். மூன்று மாதம் கழித்து, "சார் அனுபவம் போதல, ஒரு லெட்டர் ரெடி பண்ணிக்கலாம்" என்றார். பொய்யான லெட்டர். அதைச் செய்து பிடிபட்டால் 5 வருஷம் கனடா வாசலை மிதிக்க முடியாது. முன்பணத்தை விட்டுவிட்டு எழுந்து வந்தோம். காசு வாங்கிக்கொண்டு இந்த ஆலோசனை சொல்ல, அங்கே உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும் வக்கீல்களுக்கும்தான் கனடா சட்டம் அனுமதி தருகிறது. அந்த நாட்டு அரசின் தளத்தில் எல்லா விதியும் இலவசமாக இருக்கிறது. பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்த நான், அகராதியோடு உட்கார்ந்து படித்துத்தான் எங்கள் விண்ணப்பத்தை நிரப்பினேன். உங்களாலும் முடியும்.

பணம். மூன்று பேர் குடும்பத்துக்கு அப்போது 18 ஆயிரம் டாலருக்கு மேல் கையிருப்பு காட்ட வேண்டியிருந்தது. ரூபாயில் ஒன்பதரை லட்சம் வந்தது. கடன் வாங்கிய பணம் செல்லாது. ஆறு மாத பேங்க் கணக்கு கேட்பார்கள் என்பதால் முதல் நாள் போட்டு மறுநாள் காட்டவும் முடியாது. நகையை அடகு வைத்தால் அது கடன் என்பதால், அம்மா தன் ஆரத்தை விற்றுவிட்டாள். வேலூர் லாங்கு பஜாரில் கடைப் படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். படி உயரம் என்று சொன்னாள். எடை போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் எனக்கு ஒரு முழம் மல்லி வாங்கிக் கொடுத்தாள். வீடு வரை ஆரத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மெடிக்கலுக்கும் போலீஸ் சான்றுக்கும் சென்னைக்குப் போனோம். காட்பாடியில் விடியற்காலை ரயில், மடியில் தூங்குகிற நாலு வயது மகள். 2018 மே 14 அன்று கனடாவில் இறங்கினோம்.

முதல் இரண்டு வருஷத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. எல்லோரும் எழுதுவதுதான். என் வீட்டுக்காரர் கிடங்கில் பெட்டி தூக்கினார், பிறகு பெயிண்ட் கம்பெனி லேபில் இடம் கிடைத்தது. நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பனி பழகிவிட்டது.

2020 பிப்ரவரியில் அப்பாவுக்கு நெஞ்சு வலி, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்து வாரத்தில் திரும்புவதாக டிக்கெட். கொரோனாவால் மார்ச் 23ஆம் தேதி முதல் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. அதன் பிறகு சிறப்பு விமானங்கள் வந்தன. ஆனால் அப்பாவுக்குப் புண் ஆற நாளானது, அம்மாவுக்குச் சர்க்கரை, தம்பி பெங்களூரில் மாட்டிக்கொண்டான். நான் போகவில்லை. செப்டம்பர் வரை இருந்தேன். பாபு ராவ் தெருவும் காந்தி ரோடும் அந்த மாதங்களில் காலியாகக் கிடந்தன. ஊர் திரும்ப முடியாத வங்காளி நோயாளிகள் லாட்ஜ் பால்கனியில் துணி காயப்போட்டு நின்றதைப் பார்த்தேன். அப்பாவுக்கு மருந்து வாங்கப் போன அன்று ஒரு அம்மா மேலேயிருந்து என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு அவர் பாஷை புரியவில்லை. கையைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அப்பா இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

கனடாவின் கணக்கில் அந்த இருநூறு நாளும் எனக்கு இல்லை. அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்த நாள், தையல் பிரித்த நாள், அவர் முதன்முதலில் திண்ணை வரை நடந்த நாள் எல்லாம் அந்த விண்ணப்பத்தில் "வெளியே இருந்த நாட்கள்". என் வீட்டுக்காரருக்கு 2021 ஜூனிலேயே 1095 நிரம்பிவிட்டது. எனக்கு 2022 ஜனவரி வரை ஆகும். தனியாகப் போட அவருக்கு மனமில்லை, காத்திருந்தார். மகளுக்கு இந்த நாள் கணக்கு கிடையாது. பெற்றோரோடு சேர்த்து விண்ணப்பிக்கும் சிறுவர்களுக்கு அது வேண்டியதில்லை.

இப்போது நான் சொல்ல வேண்டிய கஷ்டமான பகுதி. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம். எங்கள் ஊர் வழியே போகும் அந்த ஆற்றில் நான் சின்ன வயதில் பார்த்தது மணலைத்தான். மணலில் ஊற்றுத் தோண்டி விளையாடுவோம். அந்த நவம்பரில் இரு கரையும் தொட்டுப் போனது. எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்து, அப்பாவும் அம்மாவும் நாலு நாள் அத்தை வீட்டில் இருந்தார்கள். பைபாஸ் ஆனவர், முழங்கால் தண்ணீரில் நடந்து போனார். தம்பி போன் செய்து, "அக்கா, ஒரு வாட்டி வந்துட்டுப் போயேன்" என்றான்.

எனக்கு இன்னும் 60 நாள் பாக்கி இருந்தது. போனால் அத்தனை நாள் தள்ளிப்போகும். அவ்வளவுதான் நஷ்டம். ஒரு மாதம் தள்ளிப் போட்டால் யாரும் என்னை ஊரைவிட்டுத் துரத்தப் போவதில்லை. ஆனால் மூன்றரை வருஷமாக நாளை எண்ணி எண்ணி, எண்ணிக்கைதான் பெரிது என்று மனசு பழகிவிட்டது. ஜனவரிக்கு மேல் வருகிறேன் என்றேன். போகவில்லை. அது தவறு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். இந்த வழியில் போகிறவர்கள் யாராவது, அப்பா அம்மா கூப்பிட்டும் நாள் கணக்குக்காக டிக்கெட் போடாமல் இருந்தால், தயவுசெய்து போட்டுவிடுங்கள். குடியுரிமைக்குக் கடைசித் தேதி கிடையாது. பி.ஆர். கையில் இருக்க 5 வருஷத்தில் 730 நாள் போதும்.

"பி.ஆர். இருக்குதே, அதோட நிறுத்திக்கக் கூடாதா?" என்று அப்பா ஒருமுறை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பி.ஆர். காரருக்கு அங்கே வேலை, மருத்துவம், பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. ஓட்டு கிடையாது, அந்த நாட்டு பாஸ்போர்ட் கிடையாது, 730 நாள் நிபந்தனை தலைமேல் இருந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு மகள்தான் காரணம். அவள் அங்கே வளர்கிறாள். அவள் ஒரு வரிசையிலும் நாங்கள் இன்னொரு வரிசையிலும் நிற்க வேண்டாம் என்று நினைத்தோம்.

அப்பாவுக்கு உறுத்தியது வேறு. "அப்ப நம்ம பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுத்துடணுமா?" ஆமாம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பலர் இதை ஒரு சடங்கு போல நினைக்கிறார்கள், இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார்கள். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, நாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அந்த நொடியே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பது, போனதைப் பதிவு செய்வதுதான். பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் அபராதம் விழும். இதைப் போனில் அப்பாவுக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

ஊரில் இன்னொரு பேச்சு உலவியது. குடியுரிமை மாறினால் நிலம் போய்விடும் என்று. அப்பா பெயரில் எழுபது சென்ட் நஞ்சை இருக்கிறது. விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வெளிநாட்டில் குடியிருக்கிற இந்தியரும் சரி, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு இந்தியா தருகிற ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் சரி, விவசாய நிலத்தை இந்தியாவில் விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. அந்தக் கட்டுப்பாடு நான் கனடாவில் குடியேறியதுமே வந்துவிட்டது, பாஸ்போர்ட் மாறியதால் வந்ததல்ல. ஆனால் வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. இதைக் கேட்டதும் அப்பா, "அது போதும்" என்றார். ஓட்டு மட்டும் நிஜமாகவே போனது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும்வரை வெளிநாட்டில் இருந்தாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் வைத்துக்கொள்ளலாம், நேரில் வந்து போடலாம். இப்போது அது இல்லை. பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய படிவத்தை அப்பாதான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பரீட்சை 20 கேள்வி, 15 சரியாக இருக்க வேண்டும். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும். அரசு தருகிற புத்தகத்தை இரண்டு முறை படித்தால் போதும். அந்த மண்ணின் பழங்குடிகளைப் பற்றிய பகுதியை நான் மூன்று முறை படித்தேன். யாருடைய இடத்துக்கு வந்து குடியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

2023 மார்ச்சில் உறுதிமொழி. கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடந்தது. திரையில் எண்பது தொண்ணூறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், பட்டும் கோட்டும் தலைப்பாகையுமாக. என் வீட்டுக்காரர் வேட்டி கட்டியிருந்தார். தொடங்குவதற்கு முன் ஓர் அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பி.ஆர். அட்டையைக் கேமராவுக்கு நேரே பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டச் சொன்னார். சமையலறைக் கத்தரிக்கோல். கருவேப்பிலைக் காம்பு வெட்டுவது. அட்டை கெட்டி, முதல் அழுத்தத்தில் வெட்டவில்லை. இரண்டாவதில் என் முகத்துக்குக் குறுக்கே இரண்டானது. பிறகு வலது கையை உயர்த்தி மன்னர் மூன்றாம் சார்லசுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்பேன், கனடாவின் சட்டங்களை மதிப்பேன் என்று சொன்னோம். பதினான்கு வயது ஆகாததால் மகள் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எங்களைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

நான் அந்தச் சொற்களை மனசோடுதான் சொன்னேன். அந்த நாடு எங்களுக்கு வேலை கொடுத்தது, என் பிள்ளைக்குப் பள்ளி கொடுத்தது. ஆனால் சொல்லி முடித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது, பாபு ராவ் தெரு பெஞ்சில் பாஸ்போர்ட்டின் மேலேயே கண் வைத்து உட்கார்ந்திருந்தவர்கள். இந்திய பாஸ்போர்ட் ரத்து முத்திரையோடு தபாலில் திரும்பி வந்த அன்று, நானும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதில் அப்பா கையெழுத்தில் ஒரு சின்னச் சீட்டு இன்னும் இருந்தது. 2018இல் கிளம்பும்போது வைத்தது. ஊர் விலாசம், தம்பி நம்பர்.

2024 ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், மூன்று பேரும் வந்தோம். புது பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. புத்தகம். சென்னை ஏர்போர்ட்டில் வெளிநாட்டவர் பக்கம் நிற்க வேண்டுமோ என்று தயங்கினேன், ஓர் ஊழியர் ஓ.சி.ஐ. வரிசையைக் காட்டினார். வாலாஜா டோல் வரும்போது விடியவில்லை.

அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காபி குடித்ததும், "எங்க, குடு பாக்கலாம்" என்றார். பாஸ்போர்ட்டைத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லாட்ஜில் பார்ப்பது போலவே பார்த்தார். முதலில் படம், அப்புறம் என் முகம். எண்ணை வாய்க்குள் வாசித்தார். வழங்கிய தேதி, முடிகிற தேதி. குடும்பப் பெயர் என்ற வரியில் அவர் பெயர் இருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்தபடி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறந்த இடம் என்ற வரியையும் காட்டினார். அதில் வாலாஜாபேட்டை என்று ஆங்கிலத்தில் இருந்தது.

பிறகு உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். நீள நோட்டு, சிவப்பு ஓரம் ஒட்டியது. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். என் தம்பி, அத்தை, பெங்களூர் மருமகள், எல்லோர் பெயரும் அதில் இருந்தது. 2021 நவம்பர் பக்கத்தில் அவரும் அம்மாவும் அத்தை வீட்டுக்குப் போன தேதியும் திரும்பிய தேதியும் இருந்தன. அந்தப் பக்கத்தில் என் பெயர் இல்லை. அவர் அதைச் சட்டென்று புரட்டிவிட்டார்.

"இனிமே எனக்கு நாள் கணக்கு எதுவும் இல்லப்பா. யாருக்கும் காட்ட வேண்டியதில்ல" என்றேன்.

"உனுக்கு வேணாம்மா. எனக்கு வோணும்" என்றார். வந்தது 2024 ஜனவரி 11, காலை 5.20, மூன்று பேர் என்று எழுதினார். போவது என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார்.